வேஷம் கட்டும் சொற்கள்: ஓர் ஆங்கில வகுப்பு விளையாட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை என் ஆங்கில வகுப்புகளில் நான் நடத்தும் விளையாட்டு இது. ஒரு வாக்கியத்தைப் பொருள் மாறாமல் வேறு விதமாகச் சொல்ல வேண்டும், அதற்கு ஒரு சொல்லைப் பெயராக, வினையாக, பெயரடையாக, வினையடையாக மாற்றிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். மற்ற ஆசிரியர்களும் சில பெற்றோரும் என்னிடம் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். ஆங்கில உதாரணங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். பார்க்க வேடிக்கையாக இருந்தால் வாய்விட்டுப் படியுங்கள், சரியாகிவிடும். விளையாட்டே வாயால் ஆடுவதுதான்.

விளையாட என்னென்ன வேண்டும்?

ஒரு தாயக்கட்டை. இரண்டு இருக்கும், ஒன்று போதும். நீளவாக்கில் அதற்கு நான்கு முகம்: ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, அப்புறம் வெறுமை. நமக்கு வேண்டிய சொல்வகையும் நான்குதான். ஒன்று விழுந்தால் பெயர்ச்சொல், இரண்டு என்றால் வினைச்சொல், மூன்று பெயரடை, வெறுமை வினையடை. ஆறு முகப் பகடையில் இரண்டு முகம் உபரியாக நிற்கும் என்பதால் தாயக்கட்டைக்கு மாறினேன். பித்தளைக் கட்டை தரையில் விழும் சத்தத்துக்கே பாதி வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறது.

கட்டை கிடைக்காவிட்டால் ரப்பரை எடுத்து அதன் நான்கு நீளப் பக்கங்களிலும் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, அட்டைகள். பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தை நான்காகக் கிழித்தால் போதும். ஒவ்வொன்றிலும் மூன்று முதல் எட்டுச் சொற்களுக்குள் ஓர் ஆங்கில வாக்கியம் எழுதி, ஒரு சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். முப்பது அட்டை இருந்தால் ஒரு பருவத்துக்குத் தாங்கும்.

ஒரு சுற்று எப்படி நடக்கும்?

ஒன்பதாம் வகுப்பில் நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

அட்டையில் இருந்தது: "ஹி எக்ஸ்ப்ளெய்ன்ட் தி ரூல் க்ளியர்லி." கடைசிச் சொல்லுக்கு அடிக்கோடு. கட்டையை உருட்டினார்கள், இரண்டு புள்ளி. அதாவது, க்ளியர்லி என்ற வினையடையின் குடும்பத்திலிருந்து ஒரு வினைச்சொல்லை எடுத்து, அதே செய்தியைச் சொல்ல வேண்டும். நேரம் ஒரு நிமிடம்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை, மூன்றாம் பெஞ்சுப் பையன் எழுந்தான்: "ஹி க்ளியர்ட் தி ரூல்!"

எதிரணி குதித்தது. "செல்லாது சார்! ரூலை க்ளியர் பண்ணிட்டார்னா ரூலையே தூக்கிட்டார்னு அர்த்தம் சார்!"

வகுப்பே சிரித்தது. பையனும் சிரித்தான். மீதி நேரத்தில் அவன் அணி தலையைக் கூட்டிக் கிசுகிசுத்து இன்னொன்றைக் கொண்டுவந்தது: "ஹி க்ளாரிஃபைட் தி ரூல்." இப்போது எதிரணியில் ஒரு பெண் விடவில்லை. "எக்ஸ்ப்ளெய்ன்ட் எங்கே சார் போச்சு?" நல்ல கேள்வி. இரண்டு நிமிடம் வாதாடினார்கள். விளக்குவதும் தெளிவாக்குவதும் க்ளாரிஃபை என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டது என்று கடைசியில் அவர்களே முடிவுக்கு வந்தார்கள். நான் பேசியது இரண்டே வாக்கியம்.

அதே அட்டைக்கு ஒன்று விழுந்திருந்தால், "ஹி எக்ஸ்ப்ளெய்ன்ட் தி ரூல் வித் க்ளாரிட்டி." மூன்று விழுந்திருந்தால், "ஹி கேவ் அ க்ளியர் எக்ஸ்ப்ளனேஷன் ஆஃப் தி ரூல்." வெறுமை விழுந்தால்? அட்டையிலேயே இருப்பது வினையடைதான். அப்போது அடிக்கோட்டுச் சொல்லைத் தொடாமல் மற்றதையெல்லாம் மாற்ற வேண்டும்: "தி ரூல் வாஸ் க்ளியர்லி எக்ஸ்ப்ளெய்ன்ட் பை ஹிம்." பிள்ளைகள் இதைச் சுலபம் என்று நினைத்து மாட்டிக்கொள்வார்கள்.

மதிப்பெண்?

சொல்வடிவம் சரியாக இருந்தால் 1. வாக்கியம் இலக்கணப்படி நின்றால் இன்னும் 1. பொருள் சிதையாமல் இருந்தால் 2. பொருளுக்கு இரட்டிப்பு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது: முதல் இரண்டையும் மனப்பாடத்தால் சமாளிக்கலாம், மூன்றாவதை முடியாது. எதிரணி தவறைக் கண்டுபிடித்துக் காரணமும் சொன்னால் அவர்களுக்கு 1. வெறுமனே "தப்பு சார்" என்றால் ஒன்றும் கிடையாது.

இவ்வளவு சிரமம் எதற்கு? ஒத்த சொல்லைப் போட்டாலே வேறு வாக்கியம் ஆகிவிடுமே?

ஆகாது. இந்த விளையாட்டு பிறந்ததே இந்த எண்ணத்தை உடைக்கத்தான். "பாராஃப்ரேஸ் பண்ணு" என்றால் பிள்ளைகள் செய்வது ஒன்றுதான்: ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கிவிட்டு அந்தக் குழியில் இன்னொரு சொல்லை நடுவது. பிக் இருந்த இடத்தில் லார்ஜ். "ஹி இஸ் மை பிக் பிரதர்" என்பதை ஒரு மாணவி "ஹி இஸ் மை லார்ஜ் பிரதர்" என்று மாற்றினாள். அண்ணன் குண்டண்ணன் ஆகிவிட்டான்.

நம் தமிழ் வகுப்பில் செய்யுளுக்குப் பதவுரை, பொழிப்புரை என்று இரண்டு எழுதுவோம் இல்லையா? பதவுரையில் சொல்லுக்குச் சொல் பொருள் வரும். பொழிப்புரையில் மொத்தக் கருத்தும் நம் நடையில், நம் வாக்கிய அமைப்பில் வரும். பாராஃப்ரேஸ் என்பது பொழிப்புரை. பிள்ளைகள் எழுதிக்கொண்டு வருவது பதவுரை. இதை இப்படிச் சொன்ன அன்றுதான் பல பேருக்கு விளங்கியது. அதுவரை நானும் ஆங்கிலத்திலேயே விளக்கிக்கொண்டிருந்தேன்.

சொல்வகையை மாற்றச் சொன்னால் பதவுரை எழுத வழியே இல்லை. வினை பெயரானதும் எழுவாய் நகரும், வேறொரு வினை தேவைப்படும், அடைமொழி உருமாறும். வாக்கியம் தானாகவே வேறு வாக்கியமாகிவிடும்.

எங்கள் பிள்ளைகளுக்கு நவுன் எது, அட்ஜெக்டிவ் எது என்றே தெரியாது. அவர்களோடு எப்படி ஆடுவது?

தமிழில் தொடங்குங்கள். இலக்கணப் பெயர் தெரியாவிட்டாலும் காது தெரிந்து வைத்திருக்கும். "அழகு" என்ற சொல்லைக் கொடுத்து, "____ வீடு", "____ பாடினாள்" என்று இரண்டு இடம் காட்டுங்கள். அழகான வீடு, அழகாகப் பாடினாள் என்று ஒரு பிள்ளையும் தடுமாறாமல் சொல்லும். "ஆன" வந்தால் அது பெயருக்கு அடை, "ஆக" வந்தால் வினைக்கு அடை. தமிழ் இந்த இடத்தில் எவ்வளவு ஒழுங்கு!

அடுத்து மழைக்குப் போங்கள். "மழை பலமாகப் பெய்தது", "பலமான மழை." வினையோடு ஒட்டியிருந்தபோது பலமாக. பெயரோடு ஒட்டியதும் பலமான. இதே வேலை ஆங்கிலத்திலும் நடக்கிறது: "இட் ரெயின்ட் ஹெவிலி" என்பதில் ரெய்ன் வினை, அதனால் ஹெவிலி. "தேர் வாஸ் ஹெவி ரெய்ன்" என்பதில் ரெய்ன் பெயர், அதனால் ஹெவி. ஒரு சொல் வேஷம் மாற்றினால் பக்கத்தில் நிற்பவனும் மாற்றியே ஆக வேண்டும். கூத்தில் ராஜா மாறினால் கட்டியக்காரன் பேச்சும் மாறுவது மாதிரி. இந்த ஓர் அட்டையை மட்டும் நான் எந்த வகுப்பிலும் விடுவதில்லை.

ஓர் எச்சரிக்கை. தமிழ் இலக்கணத்தில் பெயர், வினை, இடை, உரி என்று நான்கு சொல் உண்டு. நம் விளையாட்டிலும் நான்கு இருப்பதால் சில பிள்ளைகள் உரிச்சொல்லை அட்ஜெக்டிவோடு பொருத்திவிடுவார்கள். அந்த நான்கு வேறு, இந்த நான்கு வேறு. ஆங்கிலப் பாடநூலில் எட்டு வகை சொல்வார்கள், அதில் நமக்கு வேஷம் மாற்றத் தோதான நான்கை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எல்லாச் சொல்லுக்கும் நான்கு வேஷமும் இருக்குமா?

இருக்காது. முதல் இரண்டு வாரம் இருக்கும் சொற்களாகவே எடுங்கள். ஸ்ட்ரென்த், ஸ்ட்ரென்தன், ஸ்ட்ராங், ஸ்ட்ராங்லி. டேஞ்சர், எண்டேஞ்சர், டேஞ்சரஸ், டேஞ்சரஸ்லி. சிம்ப்ளிசிட்டி, சிம்ப்ளிஃபை, சிம்பிள், சிம்ப்ளி. டெப்த், டீப்பன், டீப், டீப்லி. டிசிஷன், டிசைட், டிசைசிவ், டிசைசிவ்லி. இவை நம்பகமான குடும்பங்கள்.

அப்புறம் வேண்டுமென்றே பொத்தல் உள்ள குடும்பத்தை உள்ளே விடுங்கள். டிஃபிகல்ட் என்ற அட்டைக்கு வெறுமை விழட்டும். "டிஃபிகல்ட்லி" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். அன்றாட ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வதில்லை, "வித் டிஃபிகல்ட்டி" என்றுதான் சொல்வார்கள். "அந்த வேஷம் இல்லை சார், அதுக்குப் பதில் இது" என்று சொல்லும் அணிக்கு என் வகுப்பில் முழு 4 மதிப்பெண்ணோடு 1 உபரி.

லி சேர்த்தால் அட்வெர்ப் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அது போதுமா?

முதல் நாளுக்குப் போதும். இரண்டாம் நாள் "ஹி ஒர்க்ட் ஹார்ட்" அட்டையை எடுங்கள். வினையடை கேட்டால் கைகள் உயரும்: "ஹி ஒர்க்ட் ஹார்ட்லி." ஹார்ட் என்பதே வினையடையாகவும் நிற்கும். ஹார்ட்லி என்பது வேறு ஆள், "அரிதாகவே, இல்லை என்கிற அளவுக்கு" என்று பொருள். "ஹி ஹார்ட்லி ஒர்க்ட்" என்றால் அவன் வேலையே செய்யவில்லை என்று ஆகிவிடும். உழைத்தவனைச் சோம்பேறியாக்கிவிட்டோம்! லேட், லேட்லி ஜோடியும் இப்படித்தான். லேட்லி என்றால் "சமீப காலமாக".

எதிர்ப்பக்கத்திலும் ஆள் உண்டு. ஃப்ரெண்ட்லி, லவ்லி, லோன்லி மூன்றும் லி-யில் முடிந்தாலும் பெயரடைகள். "ஹி ஸ்போக் ஃப்ரெண்ட்லி" என்று வந்தால், "ஹி ஸ்போக் இன் அ ஃப்ரெண்ட்லி வே" என்று சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

"டிஸ்கஸ் அபௌட்" என்று சொல்லும் பழக்கம் போகவே மாட்டேன் என்கிறது. இதற்கு இந்த விளையாட்டு உதவுமா?

என் அனுபவத்தில் இதற்குத்தான் மிகவும் உதவியது. நாற்பது முறை சிவப்பு மையில் அடித்தும் போகாதது, ஓர் அட்டையில் போனது.

"வீ டிஸ்கஸ்ட் தி ப்ராப்ளம்." கட்டையில் ஒன்று விழுகிறது, பெயர்ச்சொல் வேண்டும். "வீ ஹேட் அ டிஸ்கஷன் அபௌட் தி ப்ராப்ளம்." அபௌட் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். டிஸ்கஷன் என்ற பெயர் நேராகச் செயப்படுபொருளை எடுக்காது, நடுவில் ஒரு துணை வேண்டும். டிஸ்கஸ் என்ற வினைக்கு அந்தத் துணை வேண்டாம், அதுவே நேராக எடுத்துக்கொள்ளும். பெயர் வேஷத்தின் நகையை வினை போட்டுக்கொண்டு மேடைக்கு வந்துவிடுகிறது, அதுதான் தவறு. கூடவே தமிழில் "அதைப் பற்றி விவாதித்தோம்" என்று நாம் இயல்பாகவே சொல்வதால், பற்றி என்பதும் அபௌட்டைப் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது.

இதே கதை ரிக்வெஸ்டிலும் உண்டு. "வீ ரிக்வெஸ்டட் அ ஹாலிடே", ஆனால் "வீ மேட் அ ரிக்வெஸ்ட் ஃபார் அ ஹாலிடே." எம்ஃபசைஸ் தனியாக வரும், எம்ஃபசிஸ் என்ற பெயர் ஆன் கேட்கும். மூன்று அட்டையையும் அடுத்தடுத்து எடுங்கள். மூன்றாவது வருவதற்குள் பிள்ளைகளே விதியைச் சொல்லிவிடுவார்கள்.

பெயர்ச்சொல்லாக மாற்றும்போது எந்த வினையைக் கூடச் சேர்ப்பது என்று தெரியாமல் தவிக்கிறார்களே?

தவிக்கத்தான் செய்வார்கள், இதற்குக் குறுக்கு வழி கிடையாது. நாம் முடிவு செய்கிறோம், எடுக்கிறோம். மூச்சு விடுகிறோம். சண்டை போடுகிறோம். ஏன் மூச்சுக்கு "விடு", சண்டைக்குப் "போடு" என்று கேட்டால் நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? அதேபோல ஆங்கிலம் பேசுகிறவர்கள் டிசிஷனை மேக் செய்வார்கள் அல்லது டேக் செய்வார்கள், டூ செய்ய மாட்டார்கள். எக்ஸ்ப்ளனேஷனைக் கிவ், டிஸ்கஷனை ஹேவ், அட்டென்ஷனைப் பே. ஜோடியாகவே பழக வேண்டும். கரும்பலகையின் ஓர் ஓரத்தில் "கல்யாணமான சொற்கள்" என்று தலைப்புப் போட்டு, சுற்றில் வந்த ஜோடிகளை எழுதி வைக்கிறேன். வருஷம் முழுக்க அது அழிக்கப்படுவதில்லை.

விளையாட்டின்போது தமிழில் பேச விடலாமா?

விடலாம். வாதம் தமிழில், விடை ஆங்கிலத்தில். பொருள் மாறிவிட்டதா இல்லையா என்று நுணுக்கமாகச் சண்டை போட ஆங்கிலம் இன்னும் கைவராத பிள்ளையின் வாயை ஏன் அடைக்க வேண்டும்?

வகுப்பில் அறுபது பேர். முடியுமா?

ஆறு அணியாகப் பிரித்து, இரண்டிரண்டு அணியாக மூன்று மூலையில் ஆட விடுங்கள். ஓர் அணியில் பத்துப் பேர் கொஞ்சம் அதிகம்தான். அதனால் சுற்றுக்குச் சுற்று வாய் திறக்கும் ஐந்து பேர் மாறிக்கொண்டே இருக்கட்டும், மீதி ஐந்து பேர் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். சத்தம் இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பேசவே பேசாத பிள்ளையை என்ன செய்வது?

கட்டையை அவர் கையில் கொடுங்கள். உருட்டுவதும், விழுந்த முகத்தைப் பார்த்து எந்த வகை என்று சொல்வதும் அவர் வேலை. ஒரே சொல்தான் சொல்ல வேண்டும்: நவுன், வெர்ப். சில வாரம் அதுவே போகட்டும், அவசரம் வேண்டாம்.

வாயாலேயே ஆடினால் எழுத்துப் பிழை வளராதா?

வளரும். அதனால் கடைசிப் பத்து நிமிடம் எழுதத்தான். அன்று வந்தவற்றில் ஐந்து வாக்கியத்தை இரண்டு விதமாகவும் நோட்டில் எழுத வேண்டும். குறிப்பாக மூன்று சொற்களைக் கவனியுங்கள். எக்ஸ்ப்ளெய்ன் எக்ஸ்ப்ளனேஷன் ஆகும்போது நடுவிலிருந்த ஐ காணாமல் போகும். ப்ரனௌன்ஸ் ப்ரனன்சியேஷன் ஆகும்போது ஓ போகும். மெயின்டெய்ன் மெயின்டனன்ஸ் ஆகும்போது ஏ, ஐ இரண்டும் போய் ஈ வரும். ஒலி மாறுவதைக் காதால் பிடித்தவர்களுக்கு எழுத்து மாறுவதும் நினைவில் நிற்கிறது. விதிவிலக்கு அட்வைஸ்: பெயருக்கு சி, வினைக்கு எஸ். ஒலியிலும் நுண்ணிய வேறுபாடு உண்டு, ஆனால் தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே நிற்கும். பெயருக்குப் பன்மையும் கிடையாது, "அட்வைஸஸ்" என்று யாராவது சொன்னால் எதிரணிக்குத் தீபாவளி.

தேர்வுக்குப் பயன்படுமா?

நம் பொதுத்தேர்வில் ஆக்டிவ்-பாசிவ், சிம்பிள்-காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ் என்று கேட்பதெல்லாம் பொருள் மாறாமல் வாக்கியத்தை மாற்றுவதுதான், அதனால் கை பழகும். கேம்பிரிட்ஜின் பி2 ஃபர்ஸ்ட் தேர்வில் இது இன்னும் நேரடியாகவே வருகிறது. ரீடிங் அண்ட் யூஸ் ஆஃப் இங்கிலீஷ் தாளின் மூன்றாம் பகுதியில் கொடுத்த சொல்லின் வடிவத்தை மாற்றி 8 இடங்களை நிரப்ப வேண்டும். நான்காம் பகுதியில் 6 வாக்கியங்களை மாற்றிச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு சொல் கொடுப்பார்கள், அதைத் தொடக்கூடாது, அதையும் சேர்த்து 2 முதல் 5 சொற்களுக்குள் முடிக்க வேண்டும். நம் விளையாட்டில் கட்டையில் வெறுமை விழுந்தபோது செய்தோமே, அதே வேலை.

ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வில் வரைபடத்தை விவரிக்கும்போது "ரோஸ் ஷார்ப்லி" என்பதையே நான்கு முறை எழுதாமல், "தேர் வாஸ் அ ஷார்ப் ரைஸ்" என்று மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். பாருங்கள், மழை அட்டைதான் திரும்ப வந்திருக்கிறது.

பாராஃப்ரேஸ் செய்து தரும் செயலிகள் இருக்கும்போது இதையெல்லாம் ஏன் கற்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

செயலியை எதிரணியாக உட்கார வையுங்கள். ஓர் அட்டையை அதில் போட்டு, வந்த விடையைக் கரும்பலகையில் எழுதி மதிப்பெண் போடச் சொல்லுங்கள். பொருளுக்கு 2 கொடுக்கலாமா என்று அவர்கள் சண்டை போடும் வேகத்தைப் பாருங்கள். அந்தச் சண்டை போடத் தெரியாதவர் செயலி தருவதை அப்படியே வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

வீட்டில் இரண்டு பேர் ஆடலாமா?

ஆடலாம். நேரக் கணக்கு வேண்டாம், அட்டையும் வேண்டாம், அன்றைய செய்தித்தாளின் ஒரு தலைப்பு போதும். பாட்டியிடம் கட்டை இருக்கும். ஆனால் தாயம் ஆடும் நேரத்தில் கேட்காதீர்கள்.

நீங்களே தவறாகத் தீர்ப்புச் சொன்னதுண்டா?

உண்டு. எகானமி அட்டைக்கு மூன்று விழுந்தது. "தி ஸ்கூட்டர் இஸ் எகனாமிக்" என்றது ஓர் அணி. மணி அடிக்கப் போகிற அவசரத்தில் நான் 4 போட்டுவிட்டேன். எகனாமிக் என்றால் பொருளாதாரம் சார்ந்தது, சிக்கனமான வண்டிக்கு எகனாமிகல் என்றுதான் வர வேண்டும். மறுநாள் காலை கடைசி பெஞ்சுப் பெண் அகராதியில் விரலை வைத்தபடியே மேஜைக்கு வந்து, "சார், நேத்து நாங்க ஒரு பாயின்ட்ல தோத்தோம்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. மதிப்பெண் பட்டியலைத் திருத்தினேன். அன்றிலிருந்து அகராதி மேஜை மேலேயே இருக்கும், ஒவ்வோர் அணியும் ஆட்டத்துக்கு ஒரு முறை என் தீர்ப்பை எதிர்த்து அதைப் புரட்டலாம்.